மாரிவென் பிறந்த வருடம்

உப்புக்காரியின் கருத்தை எதிர்த்துச் சவால் வந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் பஞ்சாயத்து. அவளோ அவள் சார்பில் வேறு யாராவதோ வந்து பதில் சொல்லாவிட்டால் கருத்து தள்ளுபடி. ரசிகர் குழுவின் காலக்கோட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

ரெங்கராஜ் அதைப் படித்தபோது யாரோ ஓர் அமெரிக்கக் கிழவரின் முழங்கால் அறுவைக்குக் குறியீடு போட்டுக்கொண்டிருந்தான். நோய்க்கும் சிகிச்சைக்கும் காப்பீட்டுக்கான குறியீடு போடுகிற மெடிக்கல் கோடிங் வேலை, வீட்டிலிருந்தே. முழங்காலை முடித்தான். அடுத்த நோயாளியின் சிறுநீரகத்தையும் முடித்தான். பிறகு மறுபடி படித்தான். எழுத்து எதுவும் மாறியிருக்கவில்லை.

உப்புக்காரி என்பது குழுவில் அவன் மனைவி இளமதிக்கு இருந்த பெயர். போன மழைக்காலத்தில் காய்ச்சலில் இறந்துபோனாள். குழுவில் அவன் நண்பன் ஜெரால்டைத் தவிர யாருக்கும் அது தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு குழுப்பக்கம் வராமல் போன பெண்களில் ஒருத்தி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவனும் அப்படியே விட்டுவிட்டான். அவள் உயிரோடு இருக்கிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான் பாக்கி இருந்தது.

‘ஓரின்ஹெல்ட்’ என்ற கணினி விளையாட்டுத் தொடருக்கான தமிழ் ரசிகர் குழு அது. வாள், டிராகன், சாம்பல் மழை, உப்பால் கட்டிய கோட்டைகள். நான்கு பாகங்கள் வந்திருக்கின்றன. பாகத்துக்குப் பாகம் கதை எழுதுகிறவர்கள் மாறிவிட்டதால் இடிந்த பாலத்தின் மேல் பத்து வருடம் கழித்துப் படை நடந்து போகும். செத்த அரசன் கடிதம் போடுவான். புதுக்கோட்டையில் கல்லூரி ஹாஸ்டலில் இருந்த பையன்கள் சிலர் இதையெல்லாம் ஒரே காலக்கோட்டில் ஒழுங்காக அடுக்கப் போகிறோம் என்று டிஸ்கார்டு அரட்டைத் தளத்தில் ஆரம்பித்தார்கள். இப்போது துபாயிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் ஆட்கள் வந்து சண்டை போடுகிறார்கள். சட்டம் ஒன்றுதான், அதை வகுத்தவன் ஜெரால்டு. கருத்துச் சொன்னவர் அதைக் காப்பாற்ற வேண்டும். கேள்வி வந்து பதில் வராவிட்டால் அது செல்லாது.

இளமதியின் கருத்து மாரிவென்னைப் பற்றியது. மாரிவென் உப்பு வாசலின் படைத்தலைவி. குழுவில் மாரியக்கா. இருபத்தொரு வயது நிறையாதவர் கை வைத்தால் உப்பு வாசல் திறக்காது. அது அந்த உலகத்தின் மந்திரம். மூன்றாம் பாகத்தில், சாம்பல் ஆண்டு 225 முற்றுகையின்போது, மாரிவென் கை வைக்கிறாள். வாசல் திறக்கிறது. ஆனால் இரண்டாம் பாகத்தில் வருகிற கோயில் பாடசாலையின் பதிவேட்டில் அவள் பிறந்த வருடம் 206 என்று இருக்கிறது. கூட்டிக் கழித்தால் பத்தொன்பது வயதுதான் ஆகிறது. கம்பெனிக்காரர்கள் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று உலகம் முழுக்க இருந்த ரசிகர்கள் சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார்கள்.

இளமதி போகவில்லை. பதிவேட்டுப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அதில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே பிறந்த தேதி.

‘எங்கள் வகுப்பிலும் இப்படித்தான். பாதிப் பேருக்கு ஜூன் ஒன்று’ என்று தொடங்கியது அவள் பதிவு. ‘பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வயது இடிக்கும். ஹெட்மாஸ்டர் தோதாக ஒரு தேதியைப் போட்டுவிடுவார். எனக்கு ஒரு வருடம் கூட்டினார்கள். மாரியக்காவுக்கு இரண்டு வருடம் குறைத்திருக்கிறார்கள். பதிவேடு சொல்வது பள்ளிக்கூடத்து வயது. வாசலுக்குத் தெரியும் உண்மையான வயது. இதில் முரண்பாடே இல்லை.’

வெள்ளைக்காரர்கள் யாருக்கும் தோன்றாத யோசனை. குழு ஆடிப்போனது. எதிர்த்தவன் ரெங்கராஜ் ஒருவன்தான். அவன் எழுதினான்: ‘இதே பக்கம் முதல் பாகத்தில் தானியக் கிடங்கின் சுவரிலும் தொங்குகிறது. தலைப்பு மட்டும் வேறு. அங்கே ஹெட்மாஸ்டர் யாரும் இல்லை. ஒரே வரியை நகலெடுத்து ஒட்டிய சோம்பேறி ஓவியர் ஒருவர் இருக்கிறார். அவ்வளவுதான்.’

அந்தச் சண்டை ஒரு வருடம் ஓடியது. அவள் நார்த்தாமலைப் பக்கம், அவன் திருவரங்குளம். பொதுவில் போட்ட சண்டை தனியே பேச்சாகி, பேச்சு இரண்டு வீட்டுக்கும் போய், எப்படியோ ஒத்தும் போனது. பெண் பார்க்கப் போன அன்று, பேசணும்னா பேசுங்க என்று மாடிக்கு அனுப்பினார்கள். கொஞ்ச நேரத்தில் அவள் அப்பா பதறிக்கொண்டு படியேறி வந்தார். கீழே வரைக்கும் சத்தம் கேட்டதாம்.

“அந்தத் தானியக் கிடங்கு லிஸ்ட்ட ஜூம் பண்ணிப் பாத்தீங்களா, பாக்கலயா? அத மட்டும் சொல்லுங்க,” என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சவால் வந்த அன்று மாலையே ஜெரால்டு கூப்பிட்டான். புதுக்கோட்டையில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். பின்னால் கல் அறுக்கிற சத்தம்.

“பாத்தியா மாப்ள?”

“பாத்தேன்.”

“யாரோ சரண்யான்னு அறந்தாங்கிப் புள்ள. காலேஜ் படிக்குது. ரெண்டாம் பாகத்தக் கம்பெனிக்காரன் புதுப்பிச்சு விட்டுருக்கான்ல, அதுல அந்தப் பதிவேட்டத் திருத்திப்புட்டான். மாரியக்கா பொறந்தது எரநூத்தி நாலுன்னு வருது. ஒவ்வொரு புள்ளைக்கும் தனித்தனித் தேதி. ஆதாரமே இல்லாதப்ப கருத்து மட்டும் எதுக்குங்குது. ஞாயமாத்தான் கேக்குது.”

“ம்.”

“நான் வேணா விசயத்தச் சொல்லிரவாடா? சொன்னா விட்ருவாங்க.”

“வேணாம்.”

“அப்பறம் யாரு பதில் சொல்றது?”

“நான் சொல்றேன்.”

கல் அறுக்கிற சத்தம் நின்றது. “நீயா? நீதானடா எதிர்க்கட்சி!”

ரெங்கராஜ் போனை வைத்தான். அவனுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. காலக்கோட்டில் 204-க்கும் 206-க்கும் நடுவில் ‘உப்புக்காரி’ என்று ஒரு பெயர் இருந்தது. அது அங்கே இருக்க வேண்டும். அவள் புடவைகளை அக்கா எடுத்துப்போய்விட்டாள். போனை மாமனார் கேட்டு வாங்கிக்கொண்டார். சமையலறை டப்பாக்களில் என்ன இருக்கிறது என்று அவள் ஒட்டி வைத்த சீட்டுகள் எண்ணெய்ப் பிசுக்கில் தாமாகவே உதிர்ந்துவிட்டன.

மறுநாள் மாமனார் அழகுமலை வந்தார். இரண்டு பஸ் மாறி, ஒரு பை நிலக்கடலையோடு. நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

“சாப்ட்டீங்களா மாப்ள?”

“ஆச்சு மாமா. நீங்க?”

“பஸ் ஸ்டாண்டுல ரெண்டு இட்லி.” சட்டைப்பையில் கைவிட்டார், எதையும் எடுக்கவில்லை. “வருசத் தெவசத்துக்கு ஐயருகிட்ட கேட்டேன். திதிப்படி பாத்தா பத்து நாளு முன்னாடியே வந்துருதாம். ஆஸ்பத்திரில குடுத்த தேதி வேற, இது வேறன்னுட்டாரு.”

“சரி மாமா. அவரு சொல்ற நாள்லயே செய்வோம்.”

பிறந்த நாள் அவளுக்கு இரண்டு இருந்தது. இப்போது இறந்த நாளும் இரண்டு.

“இன்னொண்ணு.” அழகுமலை குரலைத் தாழ்த்தினார், பக்கத்தில் யாரும் இல்லாவிட்டாலும். “அந்த எறப்புச் சர்டிபிகேட்டுல வயசு இருவத்தெட்டுன்னு போட்டுருக்கான். எம்புள்ளைக்கு இருவத்தேழுதான். வீட்டுல இருந்தா சேட்ட தாங்காதுன்னு ஒரு வருசம் முன்னாடியே பள்ளிக்கொடத்துல கொண்டுபோய் விட்டேன். வாத்தியாரு ஒண்ணக் கூட்டிப் போட்டுக்கிட்டாரு. அதுவே ஆதாருக்குப் போயி, அதுவே இதுக்கும் வந்துருச்சு.”

“மாத்தணும்னா எழுதிக் குடுக்கலாம் மாமா. கொஞ்சம் அலையணும்.”

அழகுமலை வாசலைப் பார்த்தார். ஆலங்குடி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“இருக்கட்டும் மாப்ள,” என்றார். “ஒரு வருசம் கூட இருந்ததாத்தான் இருக்கட்டும்.”

அவர் போன பிறகு ரெங்கராஜ் கடலையை ஒரு பாத்திரத்தில் கொட்டினான். அழவில்லை. சமீபமாக அது வருவதில்லை. கணினியைத் திறந்து அவள் கருத்துக்கு ஆதரவாக வாதங்களை யோசிக்க உட்கார்ந்தான். எதிர்த்து எழுத வேண்டுமென்றால் கை தானாக ஓடும். ஆதரித்து ஒரு வரி எழுதவே பொழுது சாய்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்துக்கு நல்ல கூட்டம். குரல் அறையில் பெயர்கள் வரிசையாக ஏறின. மத்தியானச் சாப்பாடு முடித்த மந்தத்தில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“துபாய்க்காரர் மைக்க ஆப் பண்ணுங்கப்பா. குக்கர் விசிலு நம்ம வீடு வரைக்கும் கேக்குது,” என்றான் ஜெரால்டு.

“பிரியாணி மச்சான். ஒனக்குப் பொறாம,” என்றார் தமிழ்செல்வன். அவர்தான் துபாய்க்காரர்.

“சரி, ஆரம்பிப்போம். சரண்யா, பேசும்மா.”

சரண்யாவின் குரல் மெல்லியது. ஆனால் தடுமாறவில்லை. புதுப் பதிப்பின் படத்தைப் போட்டாள். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்தாள். “கம்பெனியே திருத்திட்டான். இனிமே பதிவேடுந்தான் சரி, வாசலுந்தான் சரி. வயசக் கொறச்சாங்கன்னு சொல்ல வேண்டிய அவசியமே இல்ல. அதனால உப்புக்காரி அக்காவோட கருத்த எடுத்துரலாம்.”

“பதில்?” என்றான் ஜெரால்டு.

ரெங்கராஜ் மைக்கைத் திறந்தான். “உப்புக்காரி சார்பா நான் பேசுறேன்.”

தமிழ்செல்வன் சிரித்துவிட்டார். “யாரு, ரெங்குவா? பொழுது மேக்கால மொளச்சிருச்சாப்பா? நீயும் அந்தப் புள்ளயும் அடிச்சுக்கிட்டதப் பாக்கத்தானே நானே இங்க சேந்தேன்!”

ரெங்கராஜ் தயார் செய்திருந்ததைச் சொன்னான். “திருத்துன பதிவேடு வந்துருக்குன்னா, முன்னாடி இருந்தது தப்புன்னுதானே அர்த்தம்? அவ சொன்னதும் அதுதான். பதிவேட்டுல இருந்தது நெசமான வயசு இல்ல. நம்ம ஊர்லயும் பின்னாடி எழுதிக் குடுத்து மாத்திக்கிறோம். அந்தக் கோயில்லயும் மாத்தியிருக்காங்க.”

“அண்ணே,” சரண்யாவின் குரலில் சிரிப்பு. “கோயில்காரன் மாத்துறதும் கம்பெனிக்காரன் மாத்துறதும் ஒண்ணாண்ணே? அப்ப அடுத்த அப்டேட்டுல மாரியக்காவுக்குக் கொம்பு மொளச்சா, அது சாமி குத்தமா?”

அறை முழுக்கச் சிரித்தது. ரெங்கராஜுக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம்.

“எல்லாருக்கும் ஒரே தேதி இருந்துச்சே, அதுக்கு என்ன சொல்ற?” என்றான்.

“அதுக்கு நான் எதுக்குச் சொல்லணும்? நீங்களே சொல்லிட்டீங்களே. ‘அங்கே ஹெட்மாஸ்டர் யாரும் இல்லை. ஒரே வரியை நகலெடுத்து ஒட்டிய சோம்பேறி ஓவியர் ஒருவர் இருக்கிறார். அவ்வளவுதான்.’ நம்ம குழுவுலயே பெஸ்ட் பதில்ணே இது. இத வச்சுத்தான் நான் சவாலே போட்டேன்.”

தன் வாக்கியத்தை இன்னொருவர் குரலில் கேட்டுக்கொண்டிருந்தான். நல்ல வாக்கியம்தான். எங்கே இடித்தாலும் அசையாது.

“என்னண்ணே, சத்தத்தக் காணோம்? நீங்க ஏன் வக்கீலா வர்றீங்க? அக்காவயே கூப்புடுங்க. ஒரு வருசமா ஆளே இல்ல. தோத்துருவோம்னு ஓடிட்டாங்களா?”

“செத்துப்போச்சும்மா அந்தப் பொண்ணு,” என்றான் ஜெரால்டு.

“இவன் பொண்டாட்டி,” என்று அவனே தொடர்ந்தான். “போன வருசம் காய்ச்சல்ல போயிருச்சு. சொல்லக்கூடாதுன்னான். மன்னிச்சுக்கடா மாப்ள. என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல.”

துபாயில் குக்கர் கூவி அடங்கியது. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். சரண்யா அழுதுகொண்டே, தெரியாதுண்ணே, சத்தியமாத் தெரியாதுண்ணே என்றாள். சவாலை எடுத்துவிட்டேன் என்றாள். வவுனியாவிலிருந்து யாரோ, அக்கா எனக்கு எவ்வளவு சொல்லித் தந்தவ என்றார். எழுத்து அறையில் விளக்குப் படங்களும் கும்பிடும் கைகளும் மளமளவென்று வந்து விழுந்தன. தமிழ்செல்வன் சொன்னார்:

“நான் ஒண்ணு சொல்றேன். அந்தப் புள்ளையோட கருத்து காலக்கோட்டுல நெரந்தரமா இருக்கட்டும். பூட்டி வச்சுருவோம். இனிமே யாரும் அதக் கேள்வி கேக்கப்படாது. நம்மால முடிஞ்சது அதான்.”

எல்லாரும் ஆமாம் என்றார்கள். ஜெரால்டு அப்போதே பூட்டினான். அவள் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டு, அதன் பக்கத்தில் ஒரு விளக்கு.

அவன் கேட்டது கிடைத்துவிட்டது. பெயர் அங்கேயே இருந்தது. ரெங்கராஜ் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுக் கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கிற படத்தை வருகிறவர்கள் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் காப்பி குடிக்கப் போவது போல இனி இதையும் பார்ப்பார்கள்.

கல்யாணமான புதிதில் ஒருநாள் அவளுக்குத் தலைவலி. வாதத்தின் நடுவே, சரி, நீ சொல்றதுதான் சரி என்று விட்டுக்கொடுத்தான். அவள் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், “பாவம் பாத்து ஒத்துக்கிறதுக்கு நீ என்ன எங்க அத்தையா?” என்றாள். “என்னயத் தோக்கடி. முடியலன்னா முடியலன்னு சொல்லு. பாவம் மட்டும் பாக்காத.”

“பூட்டத் தொற ஜெரால்டு,” என்றான்.

“என்ன மாப்ள?”

“தொற. சரண்யா வாபஸ் வாங்குன சவால நான் போடுறேன்.”

“டேய், என்னடா பேசுற?”

“எனக்கு உரிமை இருக்குல்ல? தொற.”

ஜெரால்டு திறந்தான். ரெங்கராஜ் பேசினான். தானியக் கிடங்கில் தொடங்கினான். பிறகு புதுப் பதிப்பு. அதற்குப் பிறகு இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னான்.

“ரெண்டாம் பாகத்துல கோயில் எழுத்தருங்க எடுக்குற சத்தியம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தெரிஞ்சோ தெரியாமலோ பொய்யை எழுதுனா எழுதுன வெரல் சாம்பலாகிரும். நாலாம் பாகத்துல வடக்கு ஆத்தங்கரையில ஒரு கெழவர் கை கழுவிக்கிட்டு இருப்பாரு. யாரும் நின்னு பேசுறதில்ல. நின்னு பேசுனா, மாரிவென் படிச்ச பாடசாலையில நான்தான் எழுத்தர்னு சொல்லுவாரு. அவர் கையப் பாருங்க. பத்து வெரலும் இருக்கு. பதிவேட்டுல பொய்யா ஒரு வயசு ஏறியிருந்தா அது இருக்க முடியாது. அந்த உலகத்துல பள்ளிக்கூடத்து வயசுன்னு ஒண்ணு கெடையாது. உப்புக்காரி சொன்னது தப்பு.”

அந்தக் கிழவரை அவன் கண்டுபிடித்தது இளமதி ஆஸ்பத்திரியில் இருந்த வாரத்தில். துணிமணி எடுக்க வீட்டுக்கு வந்தவன், தூக்கம் வராமல் கொஞ்ச நேரம் விளையாடினான். விரல்களைப் பார்த்ததும் கத்திவிட்டான். காய்ச்சல் இறங்கட்டும், வீட்டுக்கு வந்ததும் சொல்லி அவளைத் திக்குமுக்காட வைக்கலாம் என்று மனதுக்குள் வைத்துக்கொண்டான்.

“பதில்?” என்று கேட்டான் இப்போது. “தமிழ்செல்வன் அண்ணே?”

“எனக்கு ஒண்ணும் ஓடலப்பா.”

“சரண்யா, நீ சொல்லு. அவ பக்கம் நின்னு சொல்லு. ஒனக்கு வரும்.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பிறகு, “என்னால முடியாதுண்ணே. ஒங்க கூட எப்படிண்ணே நான் சண்ட போடுவேன்?” என்றாள்.

ரெங்கராஜ் காத்திருந்தான். இளமதி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தான். எப்படி ஆரம்பிப்பாள் என்பது தெரியும். “அய்ய, இதுக்கா இவ்ளோ பில்டப்பு?” என்பாள். முடியை அள்ளிச் சொருகிக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போடுவாள். அது வரைக்கும் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஓட்டினான். அய்ய, இதுக்கா. முடி. நாற்காலி. அதற்குமேல் அவள் வாயைத் திறக்கவில்லை. அவளிடம் ஒரு பதில் இருந்திருக்கும். நிச்சயமாக இருந்திருக்கும். அது என்னவென்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவளோடு இத்தனை நாள் சண்டை போட்டவனாலும் முடியாது.

குரல் அறையிலிருந்து பெயர்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. சிலர், வாரேன்ணே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியில் ஜெரால்டு மட்டும் இருந்தான்.

“மாப்ள, இப்புடியே விட்ருவோம்டா. யாரும் கேக்கப் போறதில்ல.”

“பதில் வரலல்ல?”

“வரல.”

“அப்ப சட்டப்படி செய்.”

“என்னால முடியாதுடா. நீயும் அட்மின்தான். நீயே பண்ணிக்க.”

ஜெரால்டும் போனான். ரெங்கராஜ் அவள் பெயர் இருந்த வரியைத் தேர்ந்தெடுத்தான். நீக்கவா என்று கேட்டது. அழுத்தினான். 204-க்கு அடுத்து 206 வந்து ஒட்டிக்கொண்டது. நடுவில் ஒரு வரி இருந்த தடமே இல்லை.

ஹெட்போனைக் கழற்றவில்லை. அலுவலகக் கணக்கைத் திறந்தான். ஞாயிற்றுக்கிழமையானாலும் நோயாளிகள் வரிசையில் இருந்தார்கள். முதல் ஆளுக்குக் காய்ச்சல், காரணம் கண்டறியப்படவில்லை. அதற்கு ஒரு குறியீடு உண்டு. அவன் அதைப் போட்டான்.